தூண் ஒன்று, வாசல் வேறு

நான் புதுக்கோட்டைக்காரன் என்று சொன்னால் கேட்பவர் மனசில் உடனே தொண்டைமான் அரண்மனையும் சித்தன்னவாசலும் வந்து நிற்கும். அது வேறு. எங்கள் புதுக்கோட்டை தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போகிற சாலையில், கடல்காற்றின் உப்புப் பிசுபிசுப்பு விட்டுப்போகிற தூரத்தில் இருக்கிறது. ஊரில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் ஊரிலிருந்து தெற்கே பிரிகிற சாலை லேசுப்பட்டதல்ல. சாயர்புரம், ஏரல், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று போய்த் திருச்செந்தூரில் கடலைத் தொடும். கிழக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தூத்துக்குடி. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அதற்குள் சி.எஸ்.ஐ. ஆலயம், ஆற்றங்கரையில் தெய்வமாகிவிட்ட ஒரு சேர்மனின் கோவில், கல்மண்டபப் பள்ளிவாசல், அலைவாய் முருகன், பனிமய மாதா என்று எல்லா வாசலிலும் செருப்பைக் கழற்றிப் போட்டு எடுத்திருப்போம். எத்தனையோ வருஷம் இந்த வழியில் போய்வந்தும் எனக்கு உறைக்காத ஒன்று, ஆப்பிரிக்காவில் இருக்கிற ஒரு மசூதியின் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் தலைநகரம் போர்ட்டோ நோவோ. நம் பரங்கிப்பேட்டைக்கும் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் அதுதான். ‘புதுத் துறைமுகம்’ என்று பொருள். பெயர் வைப்பதில் அவர்கள் அதிகம் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. அந்த ஊரின் பழைய பெரிய மசூதியைத் தெருவில் நின்று பார்த்தால் மசூதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் சுருள் சுருளாக வளைந்த முகப்பு, கண்ணைப் பறிக்கும் வண்ணப்பூச்சு. பிரேசிலின் பாயியா மாநிலத்துக் கத்தோலிக்கக் கோவில் ஒன்றைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும்.

கிட்டத்தட்ட நடந்ததும் அதுதான். இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் ஒரு பகுதியினர் 19-ஆம் நூற்றாண்டில் ஊர் திரும்பினார்கள். 1835-இல் பாயியாவில் முஸ்லிம் அடிமைகள் நடத்திய கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் நாடு கடத்தப்பட்டு வந்தவர்களும் உண்டு. பிரேசிலில் அவர்கள் கை பழகிய கொத்துவேலையும் தச்சுவேலையும் தேவாலயம் கட்டுகிற வேலை. சொந்தக் கரைக்கு வந்து தொழுவதற்கு இடம் எழுப்பியபோது கை தனக்குத் தெரிந்ததைத்தான் கட்டியது. லாகோஸ் நகரில் 1894-இல் திறக்கப்பட்ட ஷிட்டா பே மசூதியும் அதே பிரேசில் பாணிதான்.

இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், காயல்பட்டினத்துப் பள்ளியின் தூண்கள் நினைவுக்கு வந்தன. நாம் என்ன வாழ்ந்தோம்?

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். இந்தக் கரையில் கத்தோலிக்கர் ‘சர்ச்’சுக்குப் போவதில்லை, கோவிலுக்குப் போகிறார்கள். மாதா கோவில், சவேரியார் கோவில், அந்தோணியார் கோவில். அங்கே நடப்பது பூசை. திருவிழா கொடியேற்றத்தில் தொடங்கும். சப்பரம் வரும், தேர் வரும். தெருமுனையில் சிலுவை நட்ட சிறு மேடை குருசடி. குருஸ் என்கிற போர்ச்சுக்கீசியச் சொல்லோடு நம் அடியை ஒட்டிக்கொண்டோம். சீர்திருத்தச் சபைக்காரர்கள் கோவில் என்பதை விட்டு ஆலயம் என்பார்கள். ஆனால் அவர்களுடைய பெருவிழாவில் ஊர் கூடிச் சாப்பிடுவது அசனம்.

‘பள்ளி’ இதையெல்லாம்விடப் பழைய கதை. படுக்கை, துறவியர் உறைவிடம், பிள்ளைகள் படிக்கும் இடம், தொழுகைக்கூடம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சமணர் பள்ளி இருந்த கழுகுமலை இதே மாவட்டத்தில்தான். அரபு வணிகர்கள் வந்து தொழும் இடம் கட்டியபோது, சிலை இல்லாத வழிபாட்டிடத்துக்குத் தமிழ் தன்னிடம் ஏற்கெனவே இருந்த பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டது. பாண்டியர் காலத்தில் அவர்களைச் சோனகர் என்றார்கள். சோனகர் பள்ளி ஒன்றுக்கு வருவாய் விட்டுக்கொடுத்த 13-ஆம் நூற்றாண்டுச் செய்தி இன்றும் இருப்பது எங்கே என்றால், திருப்புல்லாணிப் பெருமாள் கோவில் கல்வெட்டில். இந்த வரலாற்றைத் தமிழகக் கடற்கரை முழுக்கத் தேடித் தொகுத்த ஜெ. ராஜா முகமது, அந்த இன்னொரு புதுக்கோட்டையின் அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்தவர். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் இப்படியாவது ஓர் உறவு இருக்கட்டும்.

காயல்பட்டினத்துக்கு நான் கடைசியாகப் போனது ஒரு மாசி மாதச் சாயங்காலம். பழைய பள்ளி ஒன்றின் வாசலில் தயங்கி நின்றபோது திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டார்: “தம்பி எந்த ஊரு?”

“புதுக்கோட்டைங்க.”

“தொண்டைமான் புதுக்கோட்டையா, தூத்துக்குடிப் பக்கமா?”

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி கேட்கத் தெரியும். செருப்பை விட்டு, தொட்டியில் கால் அலம்பி, அவர் பின்னாலேயே போனேன். அஸர் முடிந்திருந்தது, மஃரிபுக்கு நேரம் இருந்தது.

உள்ளே போனதும் முதலில் தெரிவது குளிர்ச்சி. கல்தளம், கல்தூண், மேலே கல்பாவிய தட்டைக் கூரை. தூணைக் கிட்டத்தில் பார்த்தேன். அடியில் சதுரம், மேலே எட்டுப்பட்டையாகச் சீவிய கட்டு, மறுபடி சதுரம், உச்சியில் இரண்டு பக்கமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்குகிற போதிகை. நாயக்கர் காலத்துக் கோவில் மண்டபம் எதிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். கோவிலாக இருந்தால் அந்தச் சதுரத்தில் ஓர் அனுமாரோ, காளிங்க நர்த்தனமோ, கைகூப்பிய அடியாரோ இருந்திருப்பார். இங்கே பூ, கொடி, கோணங்கள் பின்னிய கட்டம். உளி அதே உளி. செதுக்கச் சொன்ன பொருள்தான் வேறு.

பெரியவர் என் பார்வையைக் கவனித்துவிட்டார். “இதப் பாத்துட்டு, கோயில இடிச்சுக் கட்டினதான்னு சில பேரு கேக்குறாஹ தம்பி.”

கேட்பவர்களுக்குக் கல்லே பதில் வைத்திருக்கிறது. பிடுங்கிவந்த தூண்களைக் கொண்டு எழுப்பிய கட்டடம் தன்னை மறைக்காது. தில்லி குத்பு வளாகத்து மசூதியில் உயரம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய தூண்கள், முகம் சிதைத்த உருவங்கள் எல்லாம் கண்ணுக்கு எதிரே நிற்கின்றன. 27 கோவில்களின் பொருளைக் கொண்டு கட்டியதாக அதன் கல்வெட்டே சொல்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. நான் பார்த்த தூண்களில் ஒட்டுப்போட்ட உயரம் இல்லை, மழித்த உருவத்தின் தழும்பு இல்லை. பூவுக்கென்றே விட்ட சதுரத்தில் பூ இருக்கிறது. மெஹர்தாத் ஷொகூஹி என்னும் கட்டடக்கலை ஆய்வாளர் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி 2003-இல் வெளியிட்ட நூலில் காயல்பட்டினம், கீழக்கரைப் பள்ளிகளை அளந்து வரைபடத்தோடு ஆராய்ந்திருக்கிறார். அந்தப் படங்களை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால் இந்தக் கல்தச்சர்கள் என்ன செய்தார்கள் என்பது விளங்கும்.

என் பார்வையில் அவர்கள் செய்தது ஒரே ஒரு வெட்டுதான். தமிழ்நாட்டுக் கோவில் என்பது வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிற வரிசை: பெரிய மண்டபம், சிறிய மண்டபம், அதைவிடச் சிறிய இடைகழி, கடைசியில் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய கருவறை. இந்த வரிசையில் கருவறையை நீக்கிவிட்டு மண்டபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கருவறை இருக்கவேண்டிய சுவரில் மிஹ்ராப் என்கிற வெறும் மாடம். மண்டபத்தை நீளவாக்கில் இழுக்காமல் அகலவாக்கில் விரித்தார்கள், ஏனென்றால் தொழுகைக்கு வேண்டியது தோளோடு தோள் ஒட்டிய நீண்ட வரிசை. மினாரா என்று தனியாக வானத்தில் எதுவும் எழும்பவில்லை. கடற்கரையில் நின்று பார்த்தால் தென்னை உயரத்துக்குள் அடங்கிவிடும் கட்டடம் அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிழக்குப் பார்த்த சந்நிதியில் கும்பிடுகிறவர் மேற்கே பார்த்து நிற்கிறார். நம் கரையிலிருந்து மக்காவும் மேற்கேதான், கொஞ்சம் வடக்கே சாய்ந்து. திருச்செந்தூரில் முருகன் கடலைப் பார்த்து நிற்கிறார். அவரைக் கும்பிடுகிற கூட்டமும் சற்று வடக்கே காயல்பட்டினத்தில் தொழுகிற வரிசையும் ஏறக்குறைய ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பெண்களுக்குக் காயல்பட்டினத்தில் தைக்காக்கள் தனியே உண்டு. தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு பெண்கள் போய்வர முடுக்கு என்ற சந்துகளும் உண்டு. ஆண் ஆய்வாளர்கள் எழுதிய பெரிய புத்தகங்களில் தூண்களுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த முடுக்குகளுக்குக் கிடைக்கவில்லை. எனக்கும் அங்கே நுழைய வழி இல்லாததால் நானும் இதற்குமேல் எழுத முடியாது.

தூத்துக்குடிக்கு வருவோம். பனிமய மாதாவை ஊர்க்காரர்கள் தஸ்நேவிஸ் மாதா என்றும் சொல்வார்கள். ‘பனிகளின்’ என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல் நம் நாக்கில் உருண்டு அப்படி ஆயிற்று. ரோமாபுரியில் ஓர் ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கோடையில், குன்றின்மேல் பனி பெய்து கோவில் கட்டவேண்டிய இடத்தைக் காட்டியது என்பது அந்த மாதாவின் கதை. அந்தப் பெயர் வந்து சேர்ந்தது எங்கே? ஆகஸ்டில் கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற ஊரில். அந்த வெக்கையில்தான் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்டு 5 வரை திருவிழா நடக்கிறது.

மாதாவின் சுரூபம் மணிலாவில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து கப்பலில் 1555-இல் வந்தது என்பது ஊர் வழக்கு. இந்த ஆண்டை எல்லாரும் எழுதுகிறார்கள். யாரும் ஏனோ நின்று யோசிப்பதில்லை. மணிலா ஸ்பானியர் கைக்கு வந்ததே 1571-இல். அதற்கு முன்னால் அங்கே கன்னியர் மடமும் சுரூபமும் எப்படி இருந்திருக்கும்? ஒன்று ஆண்டு தவறு, இல்லாவிட்டால் ஊர் தவறு. எனக்கு இதில் மாதாவுக்குக் குறைவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. கடலோர ஊரின் தெய்வம் கடலிலிருந்துதான் வரவேண்டும் என்கிற ஆசையே அந்தக் கதையில் முக்கியம். மணப்பாட்டில் 1540-இல் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவன் புயலில் தப்பி, முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கிக் குன்றில் நட்டான் என்பார்கள்; அங்கே 1581-இல் எழுந்தது திருச்சிலுவைக் கோவில். உவரியில் கப்பல் மாதா கோவிலைக் கப்பல் வடிவத்திலேயே கட்டிவிட்டார்கள். திருச்செந்தூரில் டச்சுக்காரர் 1640-களில் கோவிலைப் பிடித்து மூர்த்தியைக் கொண்டுபோக, கடலில் கிடந்த அவரை 1653-இல் வடமலையப்ப பிள்ளை மீட்டுவந்தார் என்கிறது கோவில் வரலாறு. முருகனும் ஒருமுறை கடலுக்குள் போய்த்தான் வந்திருக்கிறார்.

இப்போதிருக்கும் மாதா கோவிலைக் கட்டியவர் விஜிலியுஸ் மான்சி என்னும் சேசு சபைக் குரு. 1712-இல் அடிக்கல் இட்டு 1713 ஆகஸ்டு 5-இல் திறந்தார். தூத்துக்குடி 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர்கள் கால்வின் வழிக்காரர்கள். சுரூபம், பூசை, தேர் எதுவும் அவர்களுக்கு ஆகாது. முத்துக் குளிக்க ஆள் வேண்டும், குளிக்கிற பரதவர் மதம் மாறச் சம்மதிக்கவில்லை. ஆகவே ஆள்கிறவர்களின் மதத்துக்கு ஆகாத கோவில் ஆள்கிறவர்களின் கண்ணெதிரே எழுந்தது. டச்சுக்காரர் தங்களுக்கென்று 1750-இல் கட்டிக்கொண்ட திரித்துவ ஆலயமும் அதே ஊரில் நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும். ஒன்றில் சுவர் முழுக்க உருவமும் நிறமும். மற்றதில் வெள்ளைச் சுவர், கல்லறைக் கல், கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. சிலையை விலக்குவதில் அந்த டச்சு ஆலயம் மாதா கோவிலைவிடக் காயல்பட்டினத்துப் பள்ளிக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது.

பிறகு தேர். பரதவரின் சாதித்தலைவர் முன்னின்று செய்த தங்கத் தேர் முதலில் ஓடியது 1806-இல். வடம், சக்கரம், அடுக்கடுக்காக ஏறும் மேல்கட்டு எல்லாம் சிவன்கோவில் தேரின் இலக்கணம். ஆண்டுதோறும் ஓடுவதில்லை, 1806-லிருந்து 2023 வரை 16 முறைதான். ஓடுகிற நாளில் வடம் பிடிக்க வருகிறவரை யாரும் என்ன மதம் என்று கேட்பதில்லை. அந்த நேரத்தில் கேட்கவும் முடியாது.

இத்தனை வடிவங்களும் இப்படிக் கை மாறியதற்குக் காரணம் தேடிப் போனால் முத்துச்சலாபத்தில் கொண்டுபோய் விடும். மார்க்கோ போலோ 1290-களில் இந்தக் கரையைப் பற்றிச் சொல்லும்போது, குளியாட்களைச் சுறாவிடமிருந்து காக்க மந்திரம் சொல்லும் பிராமணர்களைப் பற்றிச் சொல்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று பங்கு. 1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கரானார்கள்; 1542-இல் சவேரியார் வந்தார். மந்திரக்காரர் என்ன ஆனார்? அவரும் கூடவே வந்துவிட்டார். இலங்கையில் பெரிய அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மன்னார் வளைகுடாவின் அக்கரைச் சலாபத்தைப் பற்றி எழுதுகையில் ஒரு விவரம் தருகிறார். அப்போது சுறா வாய்கட்டும் குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். அதனால் மந்திரம் பலிக்காது என்று குளியாட்கள் யாரும் நினைக்கவில்லை. கத்தோலிக்கப் பரதவரும் முஸ்லிம் குளியாட்களும் ஒரே சலாபத்தில் கல்லைக் காலில் மாட்டி இறங்கினார்கள். கரையில் இருக்கிற சம்மாட்டிக்குக் கணக்கு முக்கியம். கடலுக்குள் மூச்சடக்குகிறவனுக்குச் சுறா முக்கியம். அரசு நடத்திய சலாபம் தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு கூடவில்லை.

இவ்வளவும் சொன்னதால் நம் கரையில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று, கதவுகளெல்லாம் திறந்தே கிடக்கின்றன என்று யாராவது நினைத்துவிட்டால் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். தூண் கடலோடும் கைத்தொழிலோடும் எங்கும் போகும். வாசல் அப்படிப் போகாது.

கொடிமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூரிலும் இருக்கிறது, தூத்துக்குடி மாதா கோவில் முன்னாலும் இருக்கிறது. மாதா கோவில் கொடிமரம் திருவிழா தொடங்குகிற இடம். அதைத் தாண்டி யாரும் போகலாம். சிவன், முருகன் கோவில்களில் அதே கொடிமரம் எல்லைக்கல்லாகவும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜனவரியில் பழனிக் கோவில் வழக்கில், இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்தைத் தாண்டி அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னது. நம்பிக்கையோடு வருகிறவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வேற்று மதத்தாரை நிறுத்துவது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. மாலி நாட்டின் ஜென்னே நகரில், 1907-இல் மண்ணால் திரும்பக் கட்டிய பெரிய மசூதிக்குள் வெளிநாட்டுப் பயணிகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1996-இல் ஒரு பிரெஞ்சு ஃபேஷன் இதழ் அரைகுறை உடையில் பெண்களை உள்ளே நிறுத்திப் படம் பிடித்தது. அன்றோடு முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். பெனினின் உய்தா நகரில் இதற்கு நேர்மாறு: மலைப்பாம்புகளை வைத்துக் கும்பிடுகிற கோவிலும் கத்தோலிக்கப் பேராலயமும் ஒரே திடலில் எதிரெதிராக நிற்கின்றன. பயணிகள் பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்து போகிறார்கள்.

ஆனால் நம் ஊர் வாசல்களின் வரலாற்றில் வேற்று மதத்தாரைவிடச் சொந்த மதத்தாரை நிறுத்தியதுதான் அதிகம். தெற்கே வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கத்தோலிக்கக் கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து காற்சட்டைக் கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள் பிரியும். ஒன்று வேளாளருக்கு, ஒன்று நாடாருக்கு. குருவானவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். மக்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. பிரித்த சுவர் 1910-இல்தான் உடைந்தது. தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூல் இந்தக் கதையை ஆவணங்களோடு சொல்கிறது. கட்டடக்கலை பேசுகிறவர்கள் படிக்கவேண்டிய புத்தகம் அது. ஒரு சமூகத்தின் சண்டை அப்படியே தரைப்படமாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே போகிற சாலைக்கு இப்போது திரும்பி வருகிறேன். புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் குடியிருக்க 1814-இல் சாமுவேல் சாயர் என்ற வணிகர் நிலம் வாங்கிக் கொடுத்து உண்டான ஊர் சாயர்புரம். 1842-இல் அங்கே வந்து பள்ளி நடத்தியவர் ஜி.யு. போப், குறளையும் திருவாசகத்தையும் பிறகு ஆங்கிலத்தில் கொண்டுபோனவர். சைவக் கோவில் கருவறையைப் போப் பார்த்திருக்க வழியில்லை. வாசலிலேயே நின்றவர்தான் உள்ளே பாடுகிற திருவாசகத்தை 1900-இல் முழுக்க மொழிபெயர்த்து முடித்தார். அடுத்த ஊர் ஏரல். தாமிரபரணிக் கரையில் சேர்மன் அருணாசல சுவாமி கோவில். பெயரிலேயே பதவி இருக்கிறது: அவர் ஏரலின் சேர்மனாக இருந்தவர், நாடார் குடும்பத்தில் பிறந்தவர். ஆடி அமாவாசை அன்று மறைந்தார். ஆண்டுதோறும் அந்த அமாவாசைக்குப் புதுக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும்.

போப் ஆக்ஸ்போர்டில் இறந்தது 1908-இல். சேர்மன் மறைந்ததும் 1908-இல். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் போக நாடார்களுக்கு உரிமை இல்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் கடைசித் தீர்ப்பு சொன்னதும் அதே 1908-இல்தான். 1897-இல் கமுதியில் உள்ளே நுழைந்ததற்குத் தொடுத்த வழக்கு, மதுரையிலிருந்து லண்டன் வரை பதினோரு ஆண்டு ஏறி முடிந்த இடம் அது. ஒரு கோவில் வாசலை லண்டனில் உட்கார்ந்து அடைத்த வருஷத்தில், இங்கே ஆற்றங்கரையில் புதிதாக ஒரு தெய்வம் தோன்றியது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அடைபட்ட வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கும்பிடாமல் இருந்துவிடவில்லை. மதம் மாறி ஆலயம் கட்டினார்கள், மாறாமல் தங்களுக்கென்று கோவில் கட்டினார்கள். சாயர்புரம், ஏரல் இரண்டையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். எல்லா இந்துக்களுக்கும் கோவில் வாசலைச் சட்டப்படி திறந்துவிட்ட சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது.

ஏரலில் இறங்கிக் கொஞ்சம் கிழக்கே போனால் கொற்கை. பாண்டியரின் துறைமுகம், இன்று கடலிலிருந்து சில மைல் உள்ளே வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. அங்கே இருக்கிற பழைய கோவிலுக்கு அக்கசாலை ஈசுவரமுடையார் என்று பெயர். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கிற இடம். இப்போது ஊர்க்காரர்கள் அக்கசாலைப் பிள்ளையார் கோவில் என்கிறார்கள். துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து புன்னைக்காயலுக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் மணலுக்குத் தப்பி நகர்ந்துகொண்டே வந்தது. நகரும்போதெல்லாம் விட்டுவிட்டு வந்தது கோவில்களைத்தான்.

காயல்பட்டினத்துப் பெரியவரிடம் அன்று நான் கேட்ட கேள்வி, இந்தத் தூணுக்கெல்லாம் கல் எங்கிருந்து வந்தது என்பது. சுற்றிலும் தேரிமணல், கருங்கல் மலை பக்கத்தில் இல்லை. அவர் தூணில் கையை வைத்துத் தட்டிக்கொண்டே, “கல்லு வந்து…” என்று ஆரம்பித்தார். அதற்குள் பாங்கு சொல்ல ஒருவர் வந்துவிட்டார். பேச்சு நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒளு செய்யத் தொட்டிப் பக்கம் போனார்கள்.

“நீங்க அந்தத் திண்ணையில இருங்க தம்பி. முடிச்சுட்டு வர்றேன்.”

வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். வாசற்படியில் பத்து நாற்பது ஜோடிச் செருப்பு, என்னுடையதும் அதில் ஒன்று. உள்ளே தூண்களுக்கு இடையில் வரிசை நின்றது, குனிந்தது, தரையில் நெற்றி வைத்தது. தெருவில் ஒரு பையன் பணியாரம் விற்றுக்கொண்டு போனான். மேற்கே வெளிச்சம் போய்க் கடற்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் தொப்பியைச் சரிசெய்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கள்ல? கப்பல்ல வந்துச்சுன்னு எங்க வாப்பா சொல்லுவாஹ. எங்க வாப்பாக்கு எல்லாமே கப்பல்லதான் வரும்.”